எடை குறைந்தது, பிள்ளை என்ன கற்றது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் 1970களில் தொடக்கப்பள்ளிக்குப் போனவர்கள் இந்த அரங்கத்திலும் இருப்பீர்கள், வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களிலும் இருப்பீர்கள். அந்தக் காலத்தில் சுகாதாரப் பாடத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பல் துலக்கிய கதையைக் கேட்டால் உடனே சிரிப்பு வந்துவிடும்.

இடைவேளை முடிந்தவுடன் கையில் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பல் துலக்கி. மொத்த வகுப்பும் வடிகால் ஓரமாக வரிசையாகக் குந்தி உட்காரும். ஆசிரியர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, நாற்பது பிள்ளைகளும் ஒன்றாகத் துலக்குவார்கள், ஒன்றாகக் கொப்பளிப்பார்கள். 1969ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த பல் சுத்த இயக்கத்தை ஒட்டிப் பள்ளிகளில் பரவிய வழக்கம் அது. இன்று பாட்டி தாத்தாவாக இருப்பவர்கள்கூட அதை நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்கள்.

அந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொத்தைப் பல் உள்ள பிள்ளையை மட்டும் பிரித்து வடிகாலுக்கு அழைத்துப் போகவில்லை. பல் நன்றாக இருந்தவனும் குந்தினான், பல் விழுந்தவனும் குந்தினான். யார் பல் எப்படி இருக்கிறது என்று அந்த வரிசையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் பற்கள் நன்றாக ஆனதற்குப் பல் துலக்கி மட்டும் காரணம் அல்ல. அதற்கு முன்பே, 1950களின் பிற்பகுதியிலேயே, சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பழக்கம் ஒரு பக்கம் வேலை செய்தது, குழாயில் வந்த தண்ணீர் மறுபக்கம் வேலை செய்தது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரப்போகும் கதைக்கு இது தேவைப்படும்.

திருப்பிப் போட்ட மூன்று எழுத்து

1992ஆம் ஆண்டு கல்வி அமைச்சு பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டிரிம் அண்ட் ஃபிட்'. கட்டான உடல், உறுதியான உடல் என்று பொருள் சொல்லலாம். சுருக்கமாக 'டாஃப்' என்றார்கள்.

திட்டம் தொடங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. அப்போது பள்ளி மாணவர்களில் சுமார் 14 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். நூறு பிள்ளைகளில் பதினான்கு பேர். கம்பத்து வாழ்க்கையை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. கையில் காசு வந்துவிட்டது, விரைவு உணவுக் கடைகள் வந்துவிட்டன, ஓடி விளையாடிய வெட்டவெளி போய்விட்டது. இப்படியே விட்டால் இருபது ஆண்டுகளில் நீரிழிவும் இதய நோயும் வரிசைகட்டி நிற்கும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அந்தப் பயம் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

பத்து ஆண்டுகளில் அந்த 14 விழுக்காடு ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. உடலுறுதித் தேர்வில் தேறிய மாணவர்களும் அதிகரித்தார்கள். வெளிநாட்டினர்கூட இதைப் பற்றி எழுதினார்கள். உலகமெங்கும் பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாட்டில் மட்டும் இறங்கினால் சும்மா இருப்பார்களா?

இப்போது ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஏனென்றால் அவன் ஒருவன் அல்ல, அவனைப் போல் பலர். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். உயரத்துக்கு ஏற்ற எடையைவிட ஏழெட்டு கிலோ அதிகம். ஆண்டுத் தொடக்கத்தில் உடற்கல்வி ஆசிரியர் எல்லாரையும் நிறுத்து எடை பார்க்கிறார். எடை இயந்திரத்தில் ஏறும்போது பின்னால் நிற்கும் நண்பன் எட்டிப் பார்க்கிறான். அடுத்த வாரம் ஒரு பட்டியல் வருகிறது. பட்டியலில் பெயர் உள்ளவர்கள் டாஃப் மன்றத்தில் கட்டாயம் சேர வேண்டும்.

காலையில் மற்ற பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையும்போது இவன் ஏற்கெனவே திடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பான். அல்லது இடைவேளை மணி அடித்து எல்லாரும் உணவகத்துக்கு ஓடும்போது இவனும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் கயிறு தாண்டப் போவார்கள். சில பள்ளிகளில் இத்தனை கலோரிதான் சாப்பிடலாம் என்று சீட்டுகூடக் கொடுத்தார்கள். உணவகத்தில் மீ வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் திடலில் குதிப்பவர்களைப் பார்க்கலாம். பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

டாஃப் என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. டி, ஏ, எஃப். அதைப் பின்னாலிருந்து படித்தால் எஃப், ஏ, டி. ஃபேட். குண்டு. பெயர் வைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதல் நாள் முதல் இடைவேளையே போதும்.

விருதும் பட்டியலும்

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்களுக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. பள்ளியின் எடைக் கணக்கும் உடலுறுதித் தேர்ச்சிக் கணக்கும் மேலே போயின. நன்றாகச் செய்த பள்ளிகளுக்கு விருது கிடைத்தது. விருது என்று வந்துவிட்டால், பிள்ளை ஒரு பிள்ளையாகத் தெரிவதற்கு முன்பு ஒரு விழுக்காடாகத் தெரியத் தொடங்கிவிடும். தேர்வு முடிவுகளில் இது எப்படி நடக்கும் என்பதை நம் பெற்றோருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே நேரத்தில் எத்தனையோ உடற்கல்வி ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளோடு தாங்களும் சேர்ந்து ஓடினார்கள். கேலி செய்தவனைக் கண்டித்தார்கள். டாஃப் மன்றத்தில்தான் முதன்முதலாகக் கூடைப்பந்து பிடிக்கக் கற்றேன் என்று நன்றியோடு சொல்பவர்களும் உண்டு. ஒரு திட்டத்தை முழுக்கக் கறுப்பாகவோ முழுக்க வெள்ளையாகவோ பார்த்தால் அதிலிருந்து எதுவும் படிக்க முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. அந்தப் பையன் என்ன கற்றான்? திடலில் ஓடுவது தண்டனை என்று கற்றான். மற்றவர்கள் விளையாடும்போது தான் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று கற்றான். எடை என்பது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று கற்றான். எடை இறங்கியதும் மன்றத்திலிருந்து விடுதலை. விடுதலை கிடைத்தவன் மறுபடி அந்தத் திடல் பக்கம் போவானா? 1992இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு மாலையில் ஓடுகிறார்கள் என்பதை அவரவர் வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

உணவைக் கண்டு பயப்படும் நோய் ஒன்று உண்டு. அனோரெக்ஸியா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உடல் எலும்பும் தோலுமாகப் போன பிறகும் தான் குண்டாக இருப்பதாகவே அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். உயிருக்கே ஆபத்தான நோய். 2005ஆம் ஆண்டு சிங்கப்பூர் மருத்துவ இதழ் ஒன்றில், எட்டு ஆண்டுகளில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவர்களில் சிலர் டாஃப் திட்டத்தில் இருந்தவர்கள். திட்டம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்த நோய்க்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு பிள்ளையின் உடம்பைப் பட்டியலில் போட்டுக் காட்டும்போது அதன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது.

2007ஆம் ஆண்டு டாஃப் திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வந்த முழுமையான சுகாதாரக் கட்டமைப்பு உடல்நலம், மனநலம், மற்றவர்களோடு பழகும் நலம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. குண்டான பிள்ளைக்கு மட்டும் அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றது. சுருக்கமாகச் சொன்னால், மறுபடியும் அந்த வடிகால் ஓர வரிசை.

திரும்ப ஏறிய கணக்கு

இங்கே கதையை நிறுத்தினால் எல்லாருக்கும் கைதட்டத் தோன்றும். ஆனால் கணக்கு அத்தோடு நிற்கவில்லை.

2013ஆம் ஆண்டு பள்ளி மாணவர்களில் 11 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருந்தார்கள். 2017இல் அது 13 விழுக்காடு. 2021இல் 16 விழுக்காடு. டாஃப் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம்.

"பார்த்தீர்களா, அந்தக் காலத்தில் கண்டிப்பு இருந்தது, பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள். இப்போது மனம் புண்படும், மனம் புண்படும் என்று சொல்லியே பிள்ளைகளைக் கெடுத்துவிட்டோம்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. எடை ஒரு வெறும் எண் அல்ல. நம் சமூகத்தில் அதற்கு விலை அதிகம். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17 விழுக்காட்டினருக்கு மேல் நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. கால் விரலை இழந்த மாமா, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் பெரியப்பா என்று எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். ஆகவே, பிள்ளை குண்டாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல முடியாது.

ஆனால் கண்டிப்பு போனதால்தான் எடை ஏறியது என்று சொல்பவர்கள், அந்த 2007ஆம் ஆண்டுக்குப் பிறகு வேறு என்னென்ன வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டில்தான் உலகச் சந்தைக்கு ஐஃபோன் வந்தது. அதன் பிறகு பிள்ளையின் கையிலேயே ஒரு திரை குடியேறிவிட்டது. விரலால் தொட்டால் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு வரும் காலம் வந்தது. தெருவுக்குத் தெரு குமிழ்த் தேநீர்க் கடை வந்தது. 2020இல் கொவிட் வந்து, ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 2021இன் கணக்கு அதற்கு அடுத்த ஆண்டு எடுத்தது. திடலைச் சுற்றி ஓடவைத்தே இதையெல்லாம் ஈடுகட்டியிருக்க முடியுமா?

இங்கேதான் ஃபுளோரைடு நினைவுக்கு வர வேண்டும். குழாய்த் தண்ணீரை மாற்றியதுபோல் பிள்ளையைச் சுற்றி இருப்பதை மாற்றும் வேலையும் நடக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் பள்ளி உணவகங்களில் ஆரோக்கிய உணவுத் திட்டம் வந்திருக்கிறது. சோறோ மீயோ எதுவானாலும் தட்டில் காய்கறி இருக்க வேண்டும், பழம் இருக்க வேண்டும், பொரித்த பண்டங்களுக்கும் இனிப்புப் பானங்களுக்கும் கட்டுப்பாடு. யாரையும் தனியாகப் பிரிக்கவில்லை. ஒல்லியானவன் தட்டிலும் கீரை, பருமனானவன் தட்டிலும் கீரை. முதலில் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், உணவகக் கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று புலம்பினார்கள். அவர்களுடைய கவலையும் நியாயமானதுதான். குறைந்த விலைக்கு விற்க வேண்டும், நல்ல எண்ணெயும் காய்கறியும் வாங்க வேண்டும், பிள்ளை சாப்பிடாமல் கொட்டினால் நட்டம் அவர்களுக்கு.

2022 டிசம்பர் முதல் பானப் பொட்டலங்களில் ஏ, பி, சி, டி என்று தர எழுத்து போடுகிறார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் அது வந்துவிட்டது. ஏ என்றால் சர்க்கரை மிகக் குறைவு, டி என்றால் மிக அதிகம். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கும் இந்த நான்கு எழுத்து தெரியும். பேரங்காடியில் பிள்ளையை விட்டே 'டி' எழுத்துப் பானத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுகாதாரப் பாடம் அங்கேயே நடந்துவிடும். பிறகு அம்மா தள்ளுவண்டியில் எதை எடுத்து வைக்கிறார் என்பதையும் அந்தப் பிள்ளை பார்க்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டு டாஃப் மன்றம்

பள்ளியில் டாஃப் மன்றம் மூடி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் வீடுகளில் இன்னும் மூடவில்லை.

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள். கதவைத் திறந்ததும் அத்தை பிள்ளையைப் பார்த்து முதலில் என்ன சொல்கிறார்? "என்னடா தம்பி, இப்படி ஊதிப்போயிட்டே!" அறையில் இருபது பேர் சிரிக்கிறார்கள். பையனும் சிரிக்கிறான், வேறு வழியில்லை. அடுத்த நிமிடம் அதே அத்தை முறுக்கும் அச்சப்பமும் நெய்யுருண்டையும் வைத்த தட்டை நீட்டுகிறார். "சாப்பிடு, சாப்பிடு, அத்தை கையால செஞ்சது." அவன் வேண்டாம் என்றால், "பெரிய மனுசனாயிட்டான், டயட்டாம்!" என்று மறுபடி சிரிப்பு. பிள்ளை என்னதான் செய்ய வேண்டும்?

அத்தைக்குப் பாசம் இல்லாமல் இல்லை. நம் வழக்கத்தில் சாப்பாடுதான் பாசம். பாட்டி ஊட்டும் கடைசித் தோசை எப்போதும் கடைசித் தோசை ஆகாது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. கேலியை மட்டும் விட்டுவிடலாம். குண்டன், பூசணிக்காய், ஒல்லிக்குச்சி, ஓமக்குச்சி என்று பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் செல்லப் பெயர்கள் எல்லாம் செல்லமாகவே அவர்கள் காதில் விழுகின்றன என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளை இரவில் குளியலறைக் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் ஒரு படி மேலே. "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே." இந்த ஒரு வாக்கியம் எத்தனை தமிழ்ப் பெண்களைத் திடலிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது! வயதுக்கு வந்த பிறகு, "இன்னும் என்ன ஓட்டமும் பாட்டமும்" என்பது சேர்ந்துகொள்கிறது. உயர்நிலை இரண்டாம் மூன்றாம் ஆண்டில் உடற்கல்வி வகுப்பன்று வயிற்றுவலி என்று கடிதம் கொண்டுவரும் பெண்களை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். வலி உண்மையாக இருக்கும் நாளும் உண்டு. வெளிறிய முகப்பூச்சு வியர்வையில் கலைந்துவிடும் என்ற பயம் இருக்கும் நாளும் உண்டு. அரைக்கால் சட்டையில் தன் கால்களை யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் இருக்கும் நாளும் உண்டு. அம்மாவிடம் சொல்ல முடியாததால் வயிற்றுவலி என்று சொல்கிறது.

வெயிலைப் பற்றிச் சொல்லும்போது கண்ணையும் சொல்லிவிட வேண்டும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் உலகிலேயே அதிகம் உள்ள நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2001ஆம் ஆண்டு முதல் அதைத் தடுப்பதற்கென்றே தேசிய அளவில் ஒரு திட்டம் நடக்கிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம் கூடினால் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதைக் கண் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது அவர்கள் அறிவுரை. கறுத்துவிடுவாள் என்று வீட்டுக்குள் வைத்தால் கண்ணாடியின் கனம் கூடுகிறது.

ஆனால் வெளியே போ என்றால் எங்கே போவது? நம் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. கீழ்த்தளத்தில் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பந்து பட்டால் என்ன ஆவது என்பது நியாயம்தான். ஆனாலும் ஒரு பக்கம் ஓடி ஆடு என்று சொல்லிவிட்டு மறுபக்கம் பலகை மாட்டினால், பிள்ளை பாவம், கைத்தொலைபேசியில்தான் பந்து விளையாடும்.

பறிபோகும் பாடவேளை

உலகச் சுகாதார நிறுவனம் 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது. பள்ளியின் உடற்கல்வி நேரத்தை மட்டும் வைத்து அதை எட்ட முடியாது. இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் தேர்வு நெருங்கும்போது வேறு பாடங்கள் கடன் வாங்கிக்கொள்ளும் கதை பழைய மாணவர்கள் அனைவருக்கும் தெரியும். கடன் வாங்கிய பாடவேளை திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை. அதைப் பற்றிப் பெற்றோர் எவரும் பள்ளிக்குப் புகார்க் கடிதம் எழுதியிருப்பாரா என்பதும் சந்தேகம். கணித வகுப்பை எடுத்துத் திடலுக்கு அனுப்பியிருந்தால் மறுநாளே எழுதியிருப்பார்.

நாப்ஃபா எனப்படும் உடலுறுதித் தேர்வு 1980களிலிருந்து நம் பள்ளிகளில் இருக்கிறது. 2.4 கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், எழுந்து அமர்தல் என்று அங்கங்கே நிறுத்தி அளப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இதில் வேறு ஒரு கவர்ச்சி உண்டு. தங்கமோ வெள்ளியோ வாங்கிவிட்டால் தேசிய சேவையில் சுமார் இரண்டு மாதம் குறையும். அதற்காக மட்டும் மூன்று மாதம் விழுந்து விழுந்து ஓடுபவர்கள் உண்டு. ஓடட்டும், தவறில்லை. ஆனால் தேர்வுக்கு ஓடுவதும் படிப்பதைப் போலத்தான். தேர்வு முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

நல்ல உடற்கல்வி ஆசிரியர் வேறு ஒன்றைச் சொல்லித்தருகிறார். பந்தை எறியவும் பிடிக்கவும் தெரியாத பிள்ளைக்கு எந்த விளையாட்டிலும் இடம் கிடைக்காது. இடம் கிடைக்காதவன் ஓரமாக உட்காருவான், உட்காருபவனுக்கு எடை ஏறும், எடை ஏறியவனை யாரும் அணியில் சேர்க்க மாட்டார்கள். இந்தச் சக்கரத்தை உடைக்கும் இடம் தொடக்கநிலை ஒன்றும் இரண்டும்தான். எறியவும் பிடிக்கவும் தாளத்துக்கு ஆடவும் தண்ணீரில் மிதக்கவும் அந்த வயதில் கற்றவனுக்கு உடம்பு ஓர் எதிரியாகத் தெரியாது. இரண்டு அணித்தலைவர்களை நிறுத்தி, உனக்கு யார் வேண்டும், உனக்கு யார் வேண்டும் என்று ஆள் பொறுக்கவிடும் பழைய வழக்கத்தை அந்த ஆசிரியர் செய்வதில்லை. கடைசியாகப் பொறுக்கப்பட்டவர்கள் அதை அறுபது வயதிலும் மறப்பதில்லை.

உள்ளே வலித்தால்

முட்டியில் அடிபட்டு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கு ஓடுகிறோம். தூக்கம் வரவில்லை, பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை, யாரும் என்னோடு பேசுவதில்லை என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்கிறோம்? "இந்த வயசுல உனக்கென்ன கவலை? நாங்க எல்லாம் எப்படி வளர்ந்தோம் தெரியுமா?" அத்தோடு முடிந்தது. பிள்ளை அதன் பிறகு சொல்லாது.

2021ஆம் ஆண்டு முதல் பள்ளிகளின் குணநலன், குடியியல் கல்விப் பாடத்தில் மனநலமும் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மன அழுத்தம் என்றால் என்ன, நண்பன் சோர்ந்திருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது, யாரிடம் போய்ச் சொல்வது என்று கற்றுத்தருகிறார்கள். சக மாணவர்களே ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஏற்பாடும் எல்லாப் பள்ளிகளிலும் வந்திருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி ஆலோசகர் இருக்கிறார். 2023ஆம் ஆண்டுக்குள் அரையாண்டுத் தேர்வுகளும் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் நீக்கப்பட்டன. அந்த ஓய்ந்த நேரத்தில் சில வீடுகளில் இன்னொரு துணைப்பாட வகுப்பு நுழைந்துவிட்டது என்பது தனிக் கதை.

ஆலோசகர் அறை திறந்தே இருக்கிறது. ஆனால், "உங்கள் மகள் ஆலோசகரைப் பார்த்தால் நல்லது" என்று பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தால் நம் வீட்டில் என்ன பதில்? "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்கும் அப்பா இன்னும் இருக்கிறார். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள், யார் எடுப்பார்கள் என்று கணக்குப் போடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தூக்கமின்மைக்கும் பதினைந்து ஆண்டு கழித்து வரப்போகும் சம்பந்தத்துக்கும் முடிச்சுப் போடுகிறோம்.

உடம்பு வேறு, மனம் வேறு என்று பிரித்துப் பாடம் நடத்திய காலத்தில்தான் டாஃப் வந்தது. எடையைப் பார்த்தார்கள், எடை இயந்திரத்தின் மேல் நின்றவனின் முகத்தைப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'குரோ வெல் எஸ்ஜி' திட்டத்தில் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறது, திரையில் எவ்வளவு நேரம், வெளியே எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள். பள்ளிச் சுகாதாரப் பரிசோதனையின்போது தொடக்கநிலையின் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரவருக்கு ஏற்ற சுகாதாரத் திட்டம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. பிள்ளையின் புத்தகப் பையில் அந்தத் தாள் வந்தால் கையெழுத்து போட்டுத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒருமுறை படியுங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்ற கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளில் பள்ளி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். கணித ஆசிரியர் முன்னால் நீண்ட வரிசை. அறிவியல் ஆசிரியர் முன்னால் வரிசை. தாய்மொழி ஆசிரியர் முன்னால் ஓரளவு கூட்டம். உடற்கல்வி ஆசிரியரைத் தேடிப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அவரோ பிள்ளையை வேறு எந்த ஆசிரியரும் பார்க்காத நேரத்தில் பார்ப்பவர். யாரோடு சேர்ந்து ஓடுகிறான், யார் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை, தோற்றால் எப்படி நடந்துகொள்கிறான், எந்த வாரத்திலிருந்து சிரிப்பதை நிறுத்தினான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அடுத்த சந்திப்பில் கணித வரிசையில் நிற்பதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். எடை எவ்வளவு, தங்கமா வெள்ளியா என்று தொடங்க வேண்டாம். "சார், திடலில் என் பிள்ளை யாரோடு விளையாடுகிறான்?" என்று கேளுங்கள்.